நாடகம் பழகுதல்: யாழ்ப்பாணத்து இளைஞர் அரங்கும் பிளாட் புஷ் பிள்ளைகளும்

1

"தம்பி, நீர் கம்பஸிலை நாடகம் படிச்சனீராம். எங்கடை பிள்ளையளுக்கு ஒரு நாடகம் பழக்கிவிடுமன். கலைவிழாவுக்கு ஒரு இருபது நிமிஷம் காணும்."

ஓக்லண்டின் தென்கிழக்கே பிளாட் புஷ்ஷில் நான் வேலைசெய்யும் றெஸ்ரோறன்றுக்குச் சாப்பாடு எடுக்க வந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர்தான் இப்படிக் கேட்டார். அவர் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக எடுத்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. 2012 நவம்பரில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கைதுசெய்யப்பட்ட பிறகு, என்னை ஊரில் வைத்திருக்க வீட்டார் பயந்தார்கள். அதன்பிறகு பல வருடங்கள் பாத்திரம் கழுவினேன். இப்போது தந்தூர் அடுப்படியில் நிற்கிறேன். ஆனாலும் 'நாடகம் பழக்கிவிடும்' என்ற சொல்லைக் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. எங்கள் கடை ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம்தான் திறக்கும். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

பரி கேட்டிஸ் பூங்காவுக்கு அருகே ஒரு மண்டபத்தின் சிறிய அறை. பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள். அநேகர் இங்கேயே பிறந்தவர்கள். பெற்றோர் தெரிவுசெய்து வைத்திருந்தது பண்டாரவன்னியன் கதை. வசனங்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகள் மட்டை வாளை உயர்த்திப் பிடித்தபடி, என்ன சொல்கிறோமென்று தெரியாமலே உரத்துச் சொன்னார்கள். மூன்றாம் ஞாயிறு ஒரு பெடியன் கேட்டான்: "அண்ணா, வன்னி எண்டது ஆக்களோ, இடமோ?"

அன்றைக்கு வசனத் தாள்களை வாங்கி வைத்துவிட்டேன். ஊரில் களப்பயிற்சிகளில் நாங்கள் செய்த ஒரு விளையாட்டைச் செய்யச் சொன்னேன். பேசக்கூடாது, ஆட்களை நிறுத்தி ஒரு படம்போல உறையவைக்க வேண்டும். தலைப்பு: 'எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு'. பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி மூன்று பேரை வைத்துத் தன் படத்தைச் செய்தாள். அம்மா சோறு போடுகிறா. அப்பா கையில் போனோடு மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறார். மகள் வாயைத் திறந்தபடி இருக்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். அப்பா கேட்காதமாதிரி இருக்கிறார்."

"என்ன கேள்வி?"

"சித்தப்பாவுக்கு என்ன நடந்தது?"

அறையில் ஒருவரும் அசையவில்லை. இரண்டு நாட்களுக்குப் பிறகு எனக்குப் போன் வந்தது. "நாடகம் பழக்கச் சொன்னால் வீட்டுக் கதையளை ஏன் தம்பி கிளறுறீர்?" என்று கேட்டவருடைய குரலில் கோபத்தைவிடப் பயமே கூடுதலாக இருந்தது.

இளைஞர்களை வைத்து ஒரு சமூகம் நாடகம் போடுவது எதற்காக? எம்மிடம் இதற்கொரு வரலாறு இருக்கிறது. புலம்பெயர்ந்த கலைவிழாக்களில் அந்த வரலாற்றின் உடுப்பை மட்டும் எடுத்து வந்திருக்கிறோமோ என்ற சந்தேகத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

2

'பழகுதல்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கூத்தை ஒருவரும் 'ஒத்திகை பார்ப்பது' கிடையாது, பழகுவார்கள். மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறுவதற்குப் பல மாதங்கள் செல்லும். அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தீர்மானித்துச் சட்டம் கொடுப்பார். கிழமைக்குக் கிழமை பழக்கம் நடக்கும். பிறகு சதங்கை அணிவிழா, அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அதற்குப் பின்னர் வீட்டுக்கு வீடு போய் ஆடுவதும் உண்டு. பழகும் இடம் திறந்த இடம். ஊர்ச்சனம் வந்து பார்க்கும், பிழை சொல்லும், சண்டை பிடிக்கும், சமாதானமாகும். அரங்கேற்றம் ஓர் இரவு. பழக்கம் ஒரு பருவம் முழுவதும். அந்தப் பருவத்திலேதான் ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கூத்திலே சாதி இருந்தது. ஆர் எந்தக் கூத்தை ஆடுவது, எங்கே ஆடுவது என்பதெல்லாம் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். ஊர் தன்னைப் பார்த்துக்கொண்டபோது எல்லோருக்கும் ஒரேயளவு இடம் கிடைக்கவில்லை.

கூத்தைப் பல்கலைக்கழக இளைஞர்களிடம் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அறுபதுகளில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவை மாணவர்களைக்கொண்டு அவரால் மேடையேற்றப்பட்டன. விடிய விடிய ஆடும் கூத்து, படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. அப்போது மாணவராக இருந்து இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னர் எமது அரங்கின் முக்கியமான ஆய்வாளராகவும் நெறியாளராகவும் ஆனார். கூத்துக்கு ஒரு மதிப்புக் கிடைத்தது. அதேவேளை ஊர் கூடிப் பழகும் பருவம் கைவிட்டுப்போனது. இரண்டையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

அறுபதுகளின் முடிவிலே அரங்கு வேறொரு திசையில் நகர்ந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடினர். அந்தப் போராட்டத்தை ஒட்டி எழுந்தது 'கந்தன் கருணை'. என். கே. ரகுநாதனின் எழுத்துப் பிரதி, காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகளால் ஆடப்பட்டது. எந்தச் சாதிக் கட்டுக்குள் கூத்து இருந்ததோ, அந்தக் கட்டுக்கு எதிராகவே கூத்தின் மெட்டும் ஆட்டமும் திரும்பின. மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தைக்கொண்டு சமூக ஒடுக்குமுறையைப் பேசியதும் இக்காலத்திலேதான். வடிவம் பழையது என்பதற்காக அது சொல்லும் கருத்தும் பழையதாக இருக்கவேண்டியதில்லை என்பதை இளைஞர்கள் அன்றே செய்து காட்டிவிட்டார்கள்.

3

எழுபதுகளின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா வகுப்பு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அதற்குச் சென்ற ஆசிரியர்களுள் குழந்தை ம. சண்முகலிங்கமும் அ. தாசீசியசும் குறிப்பிடத்தக்கவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான பாடம் களப்பயிற்சி. அதுவரை நாடகமென்றால் எழுத்துப் பிரதியைப் பாடமாக்கி மேடையில் ஒப்புவிப்பது. களப்பயிற்சியில் உடலும் குரலும் கற்பனையும் விளையாட்டின் வழியாகத் திறக்கப்பட்டன.

1978 இல் சண்முகலிங்கம் 'நாடக அரங்கக் கல்லூரி'யைத் தொடங்கினார். மன்றம், சபா, கழகம் என்று எத்தனையோ பெயர்கள் வழக்கிலிருக்கக் 'கல்லூரி' என்று பெயர் வைத்ததைக் கவனிக்க வேண்டும். நாடகம் போடுவதற்கு முன் நாடகத்தைக் கற்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆசிரியர்கள், மாணவர்கள், வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் பின்னேரங்களில் கூடிப் பயின்றார்கள். தாசீசியசின் 'பொறுத்தது போதும்' சம்மாட்டிக்குக் கீழே உழைக்கும் கடற்றொழிலாளரின் கதையைச் சொன்னது. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' சிறுவர் அரங்குக்கு யாழ்ப்பாணத்தில் வழிதிறந்தது. பெரியவர்களின் நாடகத்தைப் பிள்ளைகளுக்கு உடுத்திவிடாமல், பிள்ளைகளுக்கென்றே ஒரு நாடகம் வந்தது.

ஏறத்தாழ இதே காலத்திலேதான் நாடகமும் அரங்கியலும் க.பொ.த. உயர்தரத்தில் ஒரு பாடமாயிற்று. இதற்குப் பின்னால் பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்றோரின் உழைப்பு இருந்தது. பரீட்சைப் பாடமாக வந்ததனால் நாடகம் நோட்டுக் கொப்பிக்குள் அடைபட்டது என்று குறை சொல்வோர் உண்டு. என்னைப்போன்ற பின்தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியவந்தது அந்தக் கொப்பியின் வழியாகத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

1985 இல் 'மண் சுமந்த மேனியர்' வந்தது. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். பல்கலைக்கழக மேடையோடு நின்றுவிடாமல் நாடகம் ஊர்களுக்கும் சென்றது. பிட்டுக்கு மண் சுமந்த சிவனுக்கு விழுந்த பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்ட கதை எமது சனத்துக்குத் தெரிந்த கதை. அந்தத் தலைப்பைக் கேட்டவுடனேயே சனத்துக்குப் பாதி விளங்கியிருக்கும். தோட்டக்காரரின் மண், அந்த மண்ணைவிட்டுப் போகும் பிள்ளைகள், வீடு புகும் இராணுவம் என்பனவெல்லாம் எடுத்துரைஞர்களின் குரலிலும் பாட்டிலும் மோடியான அசைவுகளிலும் காட்டப்பட்டன. திரையில்லை, அரண்மனைச் சீன் இல்லை.

என் மாமா அந்த நாடகத்தை ஒரு பாடசாலை வளவில் பார்த்தவர். கதையைக் கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "கம்பஸ் பெடி பெட்டையள் வந்து எங்கடை கதையை எங்களுக்குச் சொல்லிச்சினம். அதுக்குப் பிறகு சனம் வீட்டை போகாமல் நிண்டு கதைச்சுக்கொண்டு நிண்டது" என்பார். ராணுவத்துக்குப் பயந்து இருட்டியதும் கதவடைத்த காலத்தில் சனம் நின்று கதைத்தது என்பதைத்தான் நாற்பது வருடத்துக்குப் பிறகும் அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்முகலிங்கத்தின் அரங்கு வீட்டுக்குள்ளே திரும்பியது. 'அன்னை இட்ட தீ' போரினால் சிதைந்த மனங்களைப் பற்றியது. 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போனபின் ஊரில் தனித்துவிடப்பட்ட முதியோரைப் பற்றியது. இரண்டாவது நாடகத்தில் நாங்கள்தான் மேடையில் இல்லாத பாத்திரங்கள். கடிதமும் காசும் அனுப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாங்கள். எமது கலைவிழாக்களில் இந்த நாடகத்தைப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பாடசாலையில் ஓர் அண்ணா எங்களை மாமரத்துக்குக் கீழே கூட்டி வைத்து விளையாட்டுக் காட்டுவார். மழை பெய்வதுபோல விரலால் தட்டச் சொல்லுவார், பெரிய காற்றாக மாறச் சொல்லுவார், பிறகு காற்றைத் தடுக்கும் மரமாக மாறச் சொல்லுவார். நான் அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து கதையாமல் இருந்தவன் என்றும், மரமாக நின்றபோதுதான் வாயைத் திறந்து ஊளையிட்டேன் என்றும் அம்மா சொல்லுவா. அது நாடகக் களப்பயிற்சி என்பது உயர்தர வகுப்பிலேதான் எனக்கு விளங்கியது. அந்த அண்ணாவின் பெயர் எனக்குத் தெரியாது.

4

இதுவரை எழுதியதோடு நிறுத்திவிட்டால் இது ஒரு கலைவிழா மலருக்கான கட்டுரையாகிவிடும். எமது அரங்கின் வரலாற்றில் சொல்லப்படாத பக்கமொன்று உண்டு.

1989 செப்ரெம்பரில் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம கொல்லப்பட்டார். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ் நகரத்தவருக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. 1991 ஆகஸ்டில் செல்வி, அதாவது செல்வநிதி தியாகராசா, புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் கவிஞர், 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த மூன்றாம் வருட மாணவி. 1992 இல் எழுத்தாளர்களின் அமைப்பான பென் அவருக்கு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதை வழங்கியது. விருதை வாங்க அவர் வரவில்லை. இற்றைவரை வரவேயில்லை.

நான் நாடகம் படித்த காலத்தில் செல்வியின் பெயரை வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு நாடக மாணவி காணாமற்போனதைப் பற்றி அவரது ஊரின் அரங்கு பேசமுடியாமல் இருந்தது. கோயில் வாசலில் மறிக்கப்பட்டவருக்காகவும், சம்மாட்டியிடம் கடன்பட்டவருக்காகவும், இராணுவத்திடம் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்காகவும் பேசிய அரங்கு, தன் வளவுக்குள் நடந்ததற்கு வாய்திறக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களைப் பார்த்து 'ஏன் பேசவில்லை' என்று ஓக்லண்டில் இருந்துகொண்டு கேட்பது மிகவும் இலகு. பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேசமுடியாமல் இருந்தோம் என்பதையாவது வரலாற்றில் எழுதிவைக்க வேண்டாமா?

சிதம்பரநாதனும் அவரது அரங்கச் செயற்பாட்டுக் குழுவும் தொண்ணூறுகளில் செய்த வேலையையும் இந்த இரண்டு பக்கங்களோடுதான் பார்க்க வேண்டும். பார்வையாளரைச் சும்மா பார்த்திருக்க விடாமல் பங்குபற்றச் செய்யும் அரங்கு அவருடையது; சடங்கையும் ஆட்டத்தையும் சேர்த்துச் செய்யப்பட்ட 'உயிர்த்த மனிதர் கூத்து' அதற்கொரு உதாரணம். சப்பாத்துக் கால்களுக்குக் கீழே வாய்மூடி இருந்த சனத்துக்கு இந்த அரங்கு மூச்சுவிட ஒரு வழியாக இருந்தது. 2001 ஜனவரி 17 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பொங்கு தமிழ்' இந்த அரங்க அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான். இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த ஊரில் இளைஞர்கள் அதைச் செய்தது பெரிய துணிவு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஓர் அறையில் இருபது பேர் தம் இருபது கேள்விகளோடு பழகுவதும், ஆயிரக்கணக்கானோர் ஒரு கோஷத்தைச் சேர்ந்து எழுப்புவதும் ஒன்றல்ல. கோஷத்துக்கு ஒரு வாய் போதும். அரங்குக்குப் பல வாய் வேண்டும், ஒன்றையொன்று மறுக்கும் வாய்களும் வேண்டும்.

மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் பின்னர் எடுத்த முயற்சி இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீலாமுனையில் அவர்கள் செய்த 'கூத்து மீளுருவாக்கம்' கூத்தை நகரத்து மேடைக்குச் சுருக்கிக் கொண்டுபோகவில்லை. ஊருக்குள்ளேயே கூத்தர்களோடு இருந்து, கூத்தில் சாதியும் பெண்ணும் எப்படிச் சொல்லப்படுகின்றன என்று கேட்டு, ஊரவர்களோடு சேர்ந்தே பாட்டுகளை மாற்றி எழுதினார்கள். பழகும் பருவத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

5

இனிப் புலம்பெயர்ந்த நாட்டுக்கு வருவோம்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஒகுஸ்தோ போல், சண்முகலிங்கம் பிறந்த அதே 1931 இல் பிறந்தவர். ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்ற அவரது முறை உலகமெங்கும் பரவியது. நாடகத்தை இடையில் நிறுத்தி, பார்த்துக்கொண்டிருப்பவரையே மேடைக்கு அழைத்து 'நீ என்ன செய்வாய், செய்து காட்டு' என்று கேட்பது அந்த முறை. 1971 இல் இராணுவ ஆட்சி அவரைச் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தது. அதன்பின் ஆர்ஜென்ரீனா, போர்த்துக்கல், பிரான்ஸ் என்று அவரும் அகதியாக அலைந்தார். 1986 இல்தான் நாடு திரும்பினார்.

பாரிஸில் களப்பயிற்சி நடத்தியபோது அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. லத்தீன் அமெரிக்காவில் ஒடுக்குபவன் எதிரே நின்றான். பொலிஸ், பண்ணையார், முதலாளி என்று அவனைச் சுட்டிக்காட்டலாம். ஐரோப்பாவில் வந்தவர்களோ தனிமை, வெறுமை, ஒருவரோடும் கதைக்க முடியாமை என்று சொன்னார்கள். இதெல்லாம் ஓர் ஒடுக்குமுறையா என்று முதலில் அவர் யோசித்தார். பிறகு, பொலிஸ்காரன் தெருவில் இல்லாவிட்டால் தலைக்குள்ளே இருக்கிறான் என்ற முடிவுக்கு வந்தார். அவனை அங்கே வைத்தவர் ஆர், எப்போது வைத்தார் என்று நாடகத்தால் கண்டுபிடிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்.

இதை வாசித்தபோது அந்தப் பிள்ளையின் படம்தான் என் கண்ணுக்குள் நின்றது. சாப்பாட்டு மேசையில் அப்பா ஏன் திரும்பி இருக்கிறார்? அவருடைய தலைக்குள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள்? சோதனைச் சாவடியில் கேள்வி கேட்ட ஆமிக்காரன், வீட்டுக்கு ஒருவர் வேண்டுமென்று வந்து நின்ற இயக்கப் பொடியன், விசா அதிகாரி, ஊரில் இன்னும் இருக்கும் தாய், 'வெளியிலை சொல்லாதை' என்ற ஊர்க்குரல். 2009 மேயில் போர் முடிந்தது. அந்தத் தலைக்குள்ளே இன்னும் முடியவில்லை. பிள்ளை கேட்ட கேள்வி சிறியது. அதற்கு முன்னால் நிற்கும் கூட்டம் பெரியது.

மற்ற நாடுகளில் எம்மவர் இந்த வேலையைத் தம்மால் இயன்றவரை செய்திருக்கிறார்கள். எழுபதுகளின் இறுதியிலேயே க. பாலேந்திரா, ஆனந்தராணி முதலியோர் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம் லண்டனுக்கு இடம்பெயர்ந்து தொடர்ந்து நாடகங்களை மேடையேற்றியதோடு, பிள்ளைகளுக்கென நாடகப் பயிற்சியும் நடத்தியது. தாசீசியசும் லண்டனில் 'களரி'யை உருவாக்கினார். ரொறன்ரோவில் 1996 இல் தொடங்கிய மனவெளி கலையாற்றுக் குழு 'அரங்காடல்' நிகழ்வுகளை நடத்தியது. பனியில் இரட்டை வேலை செய்துவிட்டு வந்து பழகியவர்கள் இவர்கள்.

நாங்கள் குடியிருக்கும் இந்த நாட்டுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. 1975 இல் மாவோரி மக்கள் தம் நிலத்துக்காக நெடும்பயணம் நடந்தனர். 1977 ஜனவரியிலிருந்து 1978 மே வரை, 506 நாட்கள், ஓக்லண்டின் பஸ்ரியன் பொயின்றில் தம் நிலத்தை விட்டகலாமல் இருந்தனர். இந்தப் போராட்டங்களை வைத்து 1980 அளவில் மாவோரி இளைஞர்கள் 'மராங்கா மாய்' என்ற நாடகத்தை ஊரூராகக் கொண்டுசென்றனர். 'எழும்புங்கள்' என்பது பொருள். பாடசாலைகளில் இது காட்டப்பட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. ஐந்து வருடங்களுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்து மாணவர்கள் மண்ணைப் பற்றிய நாடகத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்து இளைஞர்கள். எமது கலைவிழாக்களுக்கு நாம் அழைக்கவேண்டிய விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் அகி கருணாகரனின் 'எ மிக்ஸ்டேப் ஃபோர் மலடீஸ்' ஓக்லண்டில் மேடையேறியது. ஈழத்துத் தமிழ்க் குடும்பமொன்றின் போர்க்கால நினைவுகளைப் பாட்டுகளின் வழியாகச் சொல்லும் நாடகம். மொழி பெரும்பாலும் ஆங்கிலம். 2018 இல் இவருடைய 'ரீ' ஓக்லண்ட் கலைவிழாவில் இடம்பெற்றது. "இங்கிலீசிலை போடுறது எங்கடை நாடகமோ?" என்று எம்மவர் சிலர் கேட்டதுண்டு. மொழி பற்றிய அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் விளங்காத தமிழில் பண்டாரவன்னியனாக நிற்கும் பிள்ளையைவிட, விளங்கிய மொழியில் 'சித்தப்பாவுக்கு என்ன நடந்தது' என்று கேட்கும் பிள்ளை எங்களுக்கு அண்மையில் நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தமிழில்தான் இருக்கிறது. பதிலைத் தேடி அது தமிழுக்கு வரும். மட்டை வாளைத் தேடி வராது.

6

போனில் பேசியவருக்கு அன்று நான் சொன்ன பதில் நல்ல பதில் அல்ல. "பிள்ளையள் கேட்கினம், நான் என்ன செய்ய?" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேரில் நான்கு பேர் வரவில்லை. கலைவிழா ஒழுங்கு செய்தவர்கள் எங்கள் இருபது நிமிடத்தை ஒரு சினிமாப் பாட்டு நடனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. சனம் வருடத்தில் ஒருநாள் சிரித்துவிட்டுப் போக வருகிறது. அந்த ஆசையிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

மிஞ்சிய எட்டுப் பேரும் தொடர்ந்து பழகினார்கள். எந்த மேடைக்காக என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வீட்டில் கேட்கமுடியாத ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் போர்க் கேள்விகளல்ல. "நான் ஏன் டொக்டராக வேணும்?" என்பது ஒன்று. "அம்மம்மாவை ஏன் கூப்பிடவில்லை?" என்பது இன்னொன்று. "அவையள் என்ன ஆக்கள் எண்டு ஏன் குசுகுசுக்கிறியள்?" என்று சாதியைத் தொட்டது ஒரு கேள்வி. மாரிகாலம் முடியும் தறுவாயில் அதே சிறிய அறையில் பெற்றோரை மட்டும் அழைத்துச் செய்து காட்டினோம். கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். சித்தப்பாவின் பெயரோ படமோ அதில் இல்லை. சாப்பாட்டு மேசை மட்டும் இருந்தது. அதில் அப்பாவாக இருந்த பெடியனை, அந்தப் பிள்ளை 'அப்பாவுக்கும் சொல்ல விருப்பம், ஆனால் ஏலாமல் இருக்கு எண்டு நடி' என்று பழக்கியிருந்தாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பழகிப் பழகி அவளாகவே கண்டுபிடித்தது.

அவளுடைய தகப்பன் கடைசி வரிசையில் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். அடுத்த கிழமை பிள்ளையை இறக்கிவிட வந்தவர் காரை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, நான் உள்ளுக்கை இருக்கலாமோ? கரைச்சல் குடுக்கமாட்டன்."

இப்போது மூன்று தகப்பன்மாரும் இரண்டு தாய்மாரும் உள்ளே வந்து இருக்கிறார்கள். மட்டக்களப்பில் கூத்துப் பழகும்போது ஊர் வந்து இருந்ததுபோல என்று நான் நினைத்துக்கொள்வேன். சித்தப்பாவின் கதை அந்த வீட்டில் சொல்லப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையுமல்ல.

இளைஞர் அரங்கின் நோக்கம் என்ன என்று இப்போது என்னிடம் கேட்டால், வீட்டிலும் ஊரிலும் கேட்கமுடியாத கேள்வியைப் பயமில்லாமல் கேட்டுப் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் சொல்வேன். 1978 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கல்லூரி அந்த இடத்தைத் தந்தது. செல்விக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது. இரண்டும் எமது வரலாறுதான். ஒன்றை மலரில் போட்டு மற்றதை மறைத்தால், நாளைக்குப் பிளாட் புஷ்ஷில் எந்தக் கேள்வியை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று முடிவெடுக்கும் ஆட்களாக நாங்களே மாறிவிடுவோம்.

சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் தொண்ணூற்றுமூன்று வயதில் மறைந்தார். அவருடைய நாடகப் பிரதிகள் நூல்களாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பின்னேரக் களப்பயிற்சிகளில் என்ன விளையாடினார்கள், ஆர் ஆரோடு சண்டை பிடித்தார்கள், ஊருக்கு நாடகம் கொண்டுபோன இரவுகளில் எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் பழகியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் சிட்னியிலும் அறுபது, எழுபது வயதோடு இருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுள்ளும் அவர்கள் இருக்கக்கூடும். தயவுசெய்து எழுதுங்கள். 1995 இல் தென்மராட்சியில் ஒரு மாமரத்துக்குக் கீழே பிள்ளைகளைக் காற்றாகவும் மரமாகவும் நிறுத்திய அந்த அண்ணா உங்களில் ஒருவராக இருந்தால், உங்கள் பெயரையும் எழுதுங்கள்.